கன்னுக்குட்டிப் பள்ளத்தைத் தாண்டிய பஸ்

என் தம்பி தனசிங் நெடுஞ்சாலைத் துறையில் மேஸ்திரி. ரோடு மேஸ்திரி என்றால் தார் காய்ச்சுகிற இடத்தில் நின்று அதட்டுகிறவன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவன் வேலை தாருக்கும் ஜல்லிக்கும் கீழே, மண்ணில். அது யார் கண்ணிலும் படாது. மேடவாக்கத்திலிருந்து நெடுமேட்டுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஏரியையும் கொக்கையும் பார்ப்பார்கள். சக்கரத்துக்கு அடியில் என் தம்பி இருப்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி, சேலையூரில். அப்பா எட்மண்ட் கொத்தனார். சுண்ணாம்புப் பூச்சில் அவர் பூசிய சுவரில் முகம் தெரியும் என்பார்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் வீட்டில் நானும் தனசிங்கும்தான். நான் தையல் மெஷின் மிதித்தேன். அவன் பத்தாவது முடித்து ரோட்டு வேலைக்குப் போனான். மேஸ்திரி ஆனபிறகும் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வேலைதான்.

1966 மே மாதம் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் ஹில்டா, செங்கல்பட்டுக்காரி. நெடுமேட்டில் இருந்த மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். மாதாமாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலை. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று அதற்கு முன் இருந்ததில்லை.

நெடுமேடு பெயருக்கேற்ற மேடு. சுற்றிலும் சதுப்பு. மேடவாக்கத்திலிருந்து கிழக்கே நாலு மைல் மண்ரோடு. அதில் மூன்றரை மைல் கிராவல் போட்டு எப்படியோ தாங்கும். நடுவில் அரை மைல் மட்டும் கறுப்புக் களிமண். வெயில் காலத்தில் கோழிக்குஞ்சு விழுந்துவிடுகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நாலு மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதன் தாழ்ந்த இடத்துக்குக் கன்னுக்குட்டிப் பள்ளம் என்று பெயர். எப்போதோ ஒரு கன்றுக்குட்டி அங்கே சேற்றில் இறங்கி, தாய்ப்பசு கரையில் நின்று கத்தக் கத்த உள்ளே போய்விட்டதாம்.

தாம்பரத்திலிருந்து பஸ் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். டிரைவர் மாணிக்கவேல். ஐப்பசி பிறந்துவிட்டால் அவர் பள்ளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, வெறும் குதிகாலால் மண்ணைக் குத்திப் பார்ப்பார். குதிகால் இறங்கினால் பஸ் திரும்பிவிடும். அதன்பிறகு தை வரைக்கும் மேடவாக்கத்தோடு சரி.

ஆகவே ஹில்டா மழைக்காலம் முழுவதும் பள்ளிக்கூடத்தோடு ஒட்டிய ஓர் அறையில் தங்கினாள். கல்யாணமான முதல் வருஷம் கிறிஸ்துமஸுக்காவது வந்துவிடுவாள் என்று எடுத்த புடவை, மடிப்புக் கலையாமல் இருந்தது. தனசிங் அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு இருபத்துநாலாம் தேதி மத்தியானம் கிளம்பிப் போனான். இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தான். இடுப்பு வரை கறுப்புச் சேறு. புடவை துண்டிலேயே இருந்தது.

"பள்ளத்துல தண்ணி ஓடுதுக்கா. அந்தாண்ட நெடுமேடு ஓட்டுக்கூரை எல்லாம் தெரியுது. ஆள் தெரியல."

"கூப்பிட்டுப் பாத்தியா?"

"கூப்பிட்டேன். கொக்குதான் பறந்துச்சு."

அவன் வேட்டியை நான் ஐந்து தண்ணீரில் அலசினேன். அந்தக் களிமண் கறை போகவில்லை. ஓரம் கிழித்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஹில்டா வேலையை விட்டுவிடலாமே என்று சர்ச்சில் சிலர் கேட்டார்கள். கேட்பது சுலபம். அவன் வேலை இருக்குமா என்பது ஒவ்வொரு மார்ச்சும் உத்தரவு வருகிறவரை நிச்சயமில்லை. அவள் வேலைதான் எங்களுக்கு நிற்க இடம். அவளுக்கும் அந்தப் பிள்ளைகளை விட மனசில்லை. அதனால் தை மாதம் ரோடு காய்கிறவரை தனசிங் காத்திருப்பான். காய்ந்ததா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேடவாக்கத்தைத் தாண்டிப் பள்ளம் வரை நடந்தே போவான். பார்த்துவிட்டு வருவான்.

1968ஆம் வருஷத் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக்குப் புதிதாக வந்த உதவிப் பொறியாளர் பத்ரிநாராயணன் தனசிங்கைக் கூப்பிட்டார். களிமண்ணோடு சுண்ணாம்பு கலந்தால் அது இறுகி ரோட்டைத் தாங்கும் என்றும், சோதனைக்காக அந்த அரை மைலில் செய்து பார்க்க அனுமதி வந்திருக்கிறது என்றும் சொன்னார்.

"கொத்தனார் மகன்தானேய்யா நீ. சுண்ணாம்பு உனக்குப் பழகின சரக்கு. நீயே நின்னு பண்ணு."

தனசிங் வீட்டுக்கு வந்தபோது நடையே வேறு மாதிரி இருந்தது. ஒரு உருண்டை களிமண்ணைக் கொண்டுவந்து என் சமையலறை மேடையிலேயே வைத்தான். கையில் எடுத்தால் பிசினாக ஒட்டியது. ஒரு பிடி சுண்ணாம்பைப் போட்டுப் பிசைந்து, ஒரு கிண்ணத்தால் மூடிவைத்தான். மறுநாள் திறந்து விரலால் தொட்டான். புட்டு மாவு போல உதிர்ந்தது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"பாத்தியாக்கா? ஒரே ராத்திரி. இதை நனைச்சு, ரோலர் ஏத்தி, ஒரு வாரம் ஈரம் காயாம வெச்சா கல்லாயிடுமாம். இந்த ஐப்பசி ஹில்டா தினம் வீட்டுக்கு வருவா."

அந்தக் கிண்ணத்தை நான் பிறகு சமையலுக்கு எடுக்கவில்லை. அவனுடைய மேஜையிலேயே இருந்தது.

சுண்ணாம்பு எங்கிருந்து வாங்குவது என்ற கேள்வி வந்தது. எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவள் குப்பம்மா. கடற்கரைக் குப்பத்திலிருந்து கால்வாயைப் படகில் தாண்டி, நாவலூர் வந்து, நெடுமேடு வழியாகவே கூடையோடு நடந்து மேடவாக்கத்தில் பஸ் ஏறுவாள். மழைக்காலத்தில் நெடுமேட்டுக்கு இருபுறமும் தண்ணீர், அந்த வழி கிடையாது. கேளம்பாக்கம், வண்டலூர் என்று சுற்றிக்கொண்டு வருவாள். அவளுடைய தம்பி லோகு கால்வாய்க் கரையில் கிளிஞ்சல் சூளை வைத்திருந்தான். உப்பங்கழியில் வாரிய கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்பான். துறையில் விலை கேட்டபோது அவனுடையதே தோதாக இருந்தது. அவனுக்குத்தான் ஆர்டர் போயிற்று.

இங்கேதான் தனசிங் ஒரு காரியம் செய்தான். வேலை ஆவணியில்தான் தொடங்கப்போகிறது. லோகுவின் சூளையால் முழுச் சரக்கையும் ஒரே தடவையில் தர முடியாது. பாதியை ஆனி மாதமே கொண்டுவரச் சொல்லி, தண்ணீர் தெளித்து நீற்றி மாவாக்கி, பள்ளத்துப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக் குவித்து வைத்தான். அதற்குக் காரணம் எங்கள் அப்பா. எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு சுண்ணாம்புத் தொட்டி இருந்தது. நீற்றின சுண்ணாம்பு அதில் மாதக்கணக்கில் கிடக்கும். புதுச் சுண்ணாம்பை அப்பா கரண்டியில் எடுக்கவே மாட்டார். அது நாள்பட ஊறினால்தான் சுவரில் வெண்ணெயாகப் போகும். கொத்தனார் வீட்டில் வளர்ந்த எங்களுக்கு, பழைய சுண்ணாம்பு உசத்தி என்பது சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி. யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பொறியாளர் அந்த இரண்டு மாதம் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். கேட்க ஆளில்லை.

ஆவணியில் ஒரு நாள் குப்பம்மா கொட்டகை வழியாக வந்தபோது வெற்றிலைக்கு ஒரு சிட்டிகை சுண்ணாம்பை அந்தக் குவியலிலிருந்து எடுத்துக்கொண்டாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் கூடையை இறக்குவதற்கு முன்பே சண்டையை இறக்கினாள்.

"இன்னா தம்பி, எங்க லோகு குடுத்த சரக்குல சாம்பல கலந்து வெச்சிக்கினு கீறியா? வெத்தல செவக்கவே மாட்டேங்குது."

"அது ரோட்டுக்கு வெச்சிருக்கிறது. உன் வாய்க்கு இல்ல."

"என் வாயி கேக்காத சுண்ணாம்ப ரோடு மட்டும் கேக்குமா?"

"ஊறின சுண்ணாம்பு சாந்தமா இருக்கும். உன்னைப் போல எரியாது."

"ஐயே, மேஸ்திரிக்குப் பேச்சப் பாரு" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் சங்கரா மீன் வாங்கினேன். அதோடு போயிற்று.

வேலை நடந்ததை நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். களிமண்ணை ஏர் கட்டி உழுது கட்டியை உடைத்தார்கள். சுண்ணாம்பைக் கூடையில் எடுத்து வரிசையாகக் கொட்டிப் பரப்பினார்கள். மறுபடி உழுதார்கள். பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு மண்வெட்டியால் புரட்டினார்கள். கறுப்பு மண் மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. தனசிங் தன் ஊறின சுண்ணாம்பைப் பள்ளத்துக்கென்றே ஒதுக்கியிருந்தான். தாழ்ந்த இடம், தண்ணீர் நிற்கிற இடம். உசத்தியானது அங்கேதான் போகவேண்டும் என்றான். லோகுவின் இரண்டாவது சரக்கு சூளைச் சூட்டோடு வந்தது. அதை நீற்றிய அன்றே, கண் எரிகிறது என்று ஆட்கள் முணுமுணுக்க, நெடுமேட்டுப் பக்கத்து மேட்டு மண்ணில் போட்டான். மேட்டில் எது போட்டாலும் நிற்கும் என்று அவனுக்கு எண்ணம்.

ஐப்பசி பிறந்தது. மழை வந்தது. மாணிக்கவேல் இறங்கிக் குதிகாலால் குத்தினார். இறங்கவில்லை. பஸ் போயிற்று.

அந்த ஐப்பசி முழுக்க அப்படித்தான். சாயங்காலம் மழைச் சத்தத்துக்கு நடுவில் கேட் கிறீச்சிடும். ஹில்டா நனைந்த குடையோடு நிற்பாள். நான் வெந்நீர் வைத்திருப்பேன். தனசிங் அவள் குடையை வாங்கி, விரித்து, கூடத்தில் காயவைப்பான். அந்தக் குடை காய்ந்த பிறகும் எடுக்கமாட்டான். வருகிறவர்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கவேண்டும்.

"ஏங்க, குடை காஞ்சு ரெண்டு மணி நேரமாச்சு."

"இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு."

கார்த்திகை தொடக்கத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலையில் ஹில்டா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சாயங்காலம் கேட் சத்தம் கேட்கவில்லை. மாணிக்கவேல் மேடவாக்கத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார். கன்னுக்குட்டிப் பள்ளத்தில் ரோடு உட்கார்ந்துவிட்டது. குதிகால் இல்லை, முழங்கால் இறங்குகிறது.

தனசிங் கூடத்தில் காலையில் அவள் எடுத்துப்போன குடை இருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றான்.

மறுவாரம் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பள்ளத்துப் பாதி கூழாகக் கிடந்தது. நெடுமேட்டுப் பாதி கல்லாக நின்றது. ஒரே மண், ஒரே மேஸ்திரி, ஒரே மழை. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் சூளைக்காரன் முதல் தவணையில் கெட்ட சரக்கைத் தள்ளிவிட்டான் என்று பேச்சு எழுந்தது. இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பு உதவாது, இந்தச் சோதனையே வேண்டாம் என்று மேலே எழுதப்போகிறார்கள் என்றும் கேள்விப்பட்டோம்.

குப்பம்மா அந்த வாரம் வண்டலூர் வழியாகச் சுற்றி வந்தாள். கூடையில் மீன் குறைவு. என்னைப் பார்த்துத்தான் பேசினாள், தனசிங்கைப் பார்த்து இல்லை.

"இன்னாக்கா, லோகு ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் பேசிக்கினு கீறாங்களாமே? இனிமே எவன் அவங்கிட்ட சரக்கு எடுப்பான்? சூளைய மூடிட்டா அவன் இன்னா பண்ணுவான்? உனக்கு ஒரு தம்பி கீறான் இல்ல, அவன ஒருத்தன் திருடன்னு சொன்னா நீ சும்மா இருப்பியா?"

தனசிங் உள்ளேயிருந்து வந்தான். அவள் இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆவணிச் சண்டை அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"அக்கா, நாளைக்கு இதே நேரம் வா. வெத்தலை பாக்கு நான் வாங்கி வெக்கிறேன்" என்றான் குப்பம்மாவிடம். அவள் போனதும் மழையில் நனைந்துகொண்டே பள்ளத்துக்குக் கிளம்பிவிட்டான். கொட்டகை மூலையில் ஒட்டிக்கிடந்த பழைய குவியலில் ஒரு பிடியும், நீற்றிய அன்றே ஒரு டப்பாவில் அடைத்துத் தன் சாமான் பெட்டியில் போட்டுவைத்திருந்த புதுச் சரக்கில் ஒரு பிடியும் கொண்டுவந்தான்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குப்பம்மாவை உட்காரவைத்தான்.

"இன்னா தம்பி, மீன் வாங்கக் கூப்ட்டியா, தாம்பூலம் குடுக்கக் கூப்ட்டியா?"

"முதல்ல இதப் போடு."

அவள் மென்றாள். முகத்தைச் சுளித்தாள். "வைக்கோல மெல்ற மாரி கீது" என்று துவைக்கிற கல்லில் துப்பினாள். பழுத்த இலையின் மஞ்சளும் பழுப்புமாக இருந்தது.

"வாய் கொப்புளி. இப்ப இது."

இரண்டாவதை அவள் இரண்டு கடிதான் கடித்திருப்பாள். "ஐயோ, நாக்கு வெந்துபோச்சு" என்று துப்பினாள். கல்லில் செக்கச் செவேலென்று விழுந்தது. "இதான் சுண்ணாம்பு! இதான் எங்க லோகு சரக்கு."

"முதல்ல போட்டதும் லோகு சரக்குதான்."

"பொய் சொல்லாத."

"ஆனி மாசம் வந்தது. நான்தான் ரெண்டு மாசம் கொட்டகையில வெச்சிருந்தேன்."

குப்பம்மா அந்த இரண்டு கறைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப உசுரோட வந்தத நீ வெச்சே கொன்னுட்டியா?"

அப்பாவின் பழைய சுண்ணாம்புத் தொட்டி மண்மூடிக் கிடந்தது; தனசிங் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்.

"அக்கா, இந்தத் தொட்டியில எப்பவும் தண்ணி நின்னுச்சு, இல்ல?"

"ஆமா. சுண்ணாம்புக்கு மேல ஒரு சாண் தண்ணி. அதுக்கு மேல பலகை."

"நான் தண்ணியில்லாம, மாவா, காத்துல வெச்சுட்டேன். ஏரிக் காத்து ரெண்டு மாசம் அதைத் தின்னுடுச்சு. இருந்ததிலேயே நல்லதுன்னு அதைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல போட்டிருக்கேன்."

குப்பம்மா எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். "நீ சொல்லுவியா, மாட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் போனபிறகு தனசிங் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். சொன்னால் மார்ச்சில் வேலை புதுப்பிக்கமாட்டார்கள். அது எங்கள் இருவருக்கும் தெரியும். ஹில்டாவைக் கேட்க வழியில்லை. அவள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

"நீ என்னக்கா சொல்றே?"

அவனுடைய வெள்ளைச் சட்டையை எடுத்து, பெட்டியில் கரி போட்டு, காலரிலிருந்து தொடங்கி ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்துவைத்தேன். அதிகாரியைப் பார்க்கப் போகிறவனுக்கு என்னால் ஆனது அதுதான்.

பொறியாளர் பத்ரிநாராயணன் வெற்றிலை போடுகிறவர். தனசிங் இரண்டு சுண்ணாம்பையும் பொட்டலம் கட்டி அவர் மேஜையில் வைத்தான். அங்கே நடந்ததை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் முதல் பொட்டலத்தைப் போட்டுப் பார்த்துத் துப்பினார். இரண்டாவதை நாக்கில் தொட்டதுமே வைத்துவிட்டார்.

"சுண்ணாம்பு எப்ப வந்தது, எப்ப போட்டேன்னு நானாவது கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "ஏன்யா, இதைச் சொன்னா உன் வேலைக்கு ஆபத்துன்னு தெரியுமில்லையா?"

"தெரியும் சார்."

"அப்புறம் எதுக்குச் சொல்றே?"

"நான் சொல்லலேன்னா சுண்ணாம்பே ஆகாதுன்னு எழுதிடுவீங்க. பள்ளத்துல திரும்பப் போட மாட்டீங்க. போடணும் சார். என் சம்சாரம் அந்தாண்ட இருக்கா."

அவர் சிரித்தாராம். பிறகு எழுதினாராம். பள்ளத்தில் போட்டது காற்றுப்பட்டு வீணான சரக்கு, சூளைமேல் குற்றமில்லை, அடுத்த வருஷம் அந்தப் பகுதியைப் புதுச் சுண்ணாம்பில் திருப்பிச் செய்யவேண்டும் என்று. தனசிங்குக்கு ஒரு மெமோ வந்தது. வேலை போகவில்லை. குப்பம்மா அடுத்த தடவை வந்தபோது நான் கேட்காமலே இரண்டு மீன் அதிகம் போட்டாள்.

1969 ஆவணியில் மறுபடி ஏர் கட்டினார்கள். லோகுவின் சரக்கு தார்ப்பாய் போர்த்திய மாட்டுவண்டியில் சூட்டோடு வந்து இறங்கும். அன்றே நீற்றி, ஆறினதும் மண்ணில் கலந்து, ரோலர் ஏற்றிவிடுவார்கள். ஒரு மூட்டையைக்கூட தனசிங் ராத்தங்கவிடவில்லை. வண்டி வந்ததும் அவனே ஒரு சிட்டிகை எடுத்து வெற்றிலையில் தடவிப் பாக்கோடு மெல்லுவான். அதற்கு முன் வெற்றிலையைத் தொடாதவன். அந்த மாதம் முழுக்க அவன் பல் சிவந்திருந்தது.

ரோலர் ஓடிய பிறகு ரோட்டின்மேல் வைக்கோலைப் பரப்பி ஒரு வாரம் தண்ணீர் தெளித்தார்கள். யாரும் மிதிக்கக்கூடாது; பஸ்கூடப் பக்கத்துத் தரிசில் இறங்கிச் சுற்றித்தான் போகும். பள்ளிக்கூடம் விட்டதும் ஹில்டா பிள்ளைகளோடு அங்கே வருவாள். இவன் இந்த ஓரம், அவள் அந்த ஓரம்.

"தாண்டி வரட்டுமா?"

"வேணாம், வேணாம். சுத்திக்கிட்டு வா."

"ரோட்டுக்கு நோகுமா?"

"நோகும்."

"எனக்கு நோகாதா, அவ்வளவு தூரம் சுத்தினா?"

பிள்ளைகள் சிரிப்பார்களாம். அவள் சுற்றிக்கொண்டு வரமாட்டாள். அந்த ஓரத்திலேயே உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறவரை, இந்த ஓரத்தில் நிற்பவனோடு பேசிக்கொண்டிருப்பாள்.

புரட்டாசிக் கடைசியில் வேலை முடிந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் உத்தரவு வந்தது. பத்ரிநாராயணனுக்குப் பதவி உயர்ந்து கோவில்பட்டிப் பக்கம் மாற்றல். அங்கே மைல்கணக்கில் கரிசல் மண். சுண்ணாம்பு கலந்து ரோடு போடப்போகிறார்கள். தனசிங் தன்னோடு வரவேண்டும் என்று அவர் கேட்டு வாங்கியிருந்தார். வந்தால் வேலை நிரந்தரம்.

"தப்பை மறைக்காத ஆள் ஒருத்தன் போதும்யா எனக்கு. ஒரே வருஷம்" என்றாராம்.

தனசிங் உத்தரவை ஹில்டாவின் கையில் கொடுத்தான். அவள் படித்துவிட்டு மடித்தாள்.

"மழைக்கு முன்னாடியே போகணுமா?"

"திங்கக்கிழமை."

"ஒரு மழையாவது பாத்துட்டுப் போகக்கூடாதா?"

அவன் கேட்டுப் பார்த்தான். முடியாது என்றார்கள். திங்கட்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலேற்றினோம். வானம் மூடிக்கொண்டிருந்தது. அவன் எங்களைப் பார்த்ததைவிட வானத்தைத்தான் அதிகம் பார்த்தான்.

மழை வியாழக்கிழமை வந்தது. ஹில்டா சாயங்காலம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். மறுநாளும் வந்தாள். கார்த்திகை அடைமழையிலும் வந்தாள். நான் அவள் புடவை ஓரத்தைப் பார்ப்பேன். மழைத்தண்ணீர் இருக்கும், கறுப்பு மண் இருக்காது. குடையை அவளே விரித்துக் காயவைப்பாள். காய்ந்ததும் அவளே மடக்கிவைப்பாள். பிறகு ஒரு தபால் கார்டை எடுத்து, 'இன்றும் பஸ் வந்தது' என்று எழுதுவாள். அதற்குமேல் எழுதமாட்டாள். இன்னும் இரண்டு வரி எழுதேன் என்றால், "அவருக்கு இது போதும் அண்ணி" என்பாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தனசிங் லீவில் வந்தான். வருகிறான் என்று எங்களுக்குத் தெரியாது. தாம்பரத்தில் இறங்கியவன் வீட்டுக்கு வரவில்லை. நல்ல மழை. ஸ்டேஷனைத் தாண்டி வந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நேரே நெடுமேட்டு பஸ்ஸில் ஏறியிருக்கிறான். மாணிக்கவேல் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"யோவ் மேஸ்திரி! எங்கேய்யா காணாமப் போயிட்டே?"

"கோவில்பட்டிண்ணா. பள்ளத்துகிட்ட கொஞ்சம் மெதுவாப் போங்க. பாக்கணும்."

"எந்தப் பள்ளம்?" என்றார் மாணிக்கவேல்.

தனசிங் ஜன்னலைத் திறந்து, மழையில் முகத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனான். வண்டி நிற்கவில்லை. யாரும் இறங்கிக் குதிகாலால் குத்தவில்லை. இருபக்கமும் தண்ணீர் ஒரே விரிப்பாகக் கிடந்தது. பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று, ரோடு போட்டவனுக்கே அடையாளம் தெரியவில்லை. நெடுமேடு வந்துவிட்டது.

அங்கே பஸ் திரும்பியதும் ஹில்டா ஏறினாள். அன்றோடு பள்ளிக்கு லீவு. அரைப்பரீட்சைத் தாள்கள் பையில், குடை கையில். தினம் உட்காருகிற இடது ஜன்னலுக்குப் போனவள், அங்கே உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். மாணிக்கவேல் கண்டக்டரைப் பார்த்து, "அந்த சீட்டுக்கு டிக்கெட் கேக்காதே, நான் குடுக்கிறேன்" என்றாராம்.

"வரும்போது பாத்தேன், பள்ளம் தெரியல. நீ காட்டு" என்றான் தனசிங்.

"சொல்றேன், இருங்க."

அவன் காத்திருந்தான். ஒரு பனைமரம் போயிற்று. ஒரு மதகு போயிற்று.

"எங்கே?"

"அந்தப் பனை கிட்ட. தாண்டிட்டோம்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க ரோட்டைப் பாப்பீங்க" என்றாள் ஹில்டா.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னாள். அன்று சாயங்காலம் கேட் கிறீச்சிட்டதும் நான் வெந்நீரோடு வந்தேன். ஒரு குடைக்கு அடியில் இரண்டு பேர் நின்றார்கள். தனசிங் படியில் உட்கார்ந்து, அவளுடைய புடவை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தான். நான் மூன்று வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த கல்யாண வருஷத்துக் கிறிஸ்துமஸ் புடவையை மறுநாள் ஹில்டா கட்டிக்கொண்டாள். குடை கூடத்தில் விரிந்தே இருந்தது. யாரும் மடக்கவில்லை.

ஜனவரி தொடக்கத்தில் லீவு முடிந்தது. அவள் காலை பஸ்ஸுக்குக் கிழக்கே போனாள். அவன் ரயிலுக்கு மேற்கே போனான். ஒரே கேட்டிலிருந்துதான் கிளம்பினார்கள்.

ஒரு வருஷம் என்றது ஆறு வருஷமாகிவிட்டது. கோவில்பட்டி முடிந்தால் சாத்தூர், சாத்தூர் முடிந்தால் இன்னொரு ஊர். எங்கே கறுப்பு மண்ணில் ரோடு மூழ்குகிறதோ அங்கே என் தம்பியைக் கேட்கிறார்கள். சூளையிலிருந்து வந்த சுண்ணாம்பை ராத்தங்க விடாத மேஸ்திரி என்று அவனுக்குப் பெயர். ஊருக்கு ஊர் கொட்டகையில் தங்குகிறான். ஹில்டா இப்போது தலைமையாசிரியை. இந்த வருஷம் மாற்றல் கிடைத்துவிடும் என்று அவன் ஒவ்வொரு கிறிஸ்துமஸும் சொல்கிறான். நாங்கள் நம்புகிறோம்.

நெடுமேட்டு ரோட்டுக்குப் போன வருஷம் தார் போட்டார்கள். இன்றைக்கும் காலையிலிருந்து மழை. ஹில்டா நேரத்துக்கு வந்துவிட்டாள். குடையை விரித்துவைத்துவிட்டு, கார்டு எழுத உட்கார்ந்திருக்கிறாள். காய்ந்ததும் அதை மடக்க வேண்டாம், இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். நாங்கள் இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.